விளக்கு வைத்தபின் சொல்லாத பெயர்

இரவு, அல், கங்குல், எல்லி, நிசி, யாமம். கல்லூரிப் படிப்பை முடித்து எலப்புள்ளிக்குத் திரும்பிய புதிதில், யாரும் கேட்காமலே இதை ஒப்பிப்பேன். எங்கள் வீட்டிலோ எல்லாவற்றுக்கும் 'ராத்திரி'தான். "ராத்திரிக்கு என்னங்க ஆக்கட்டும்?" என்பாள் என் மனைவி. ராத்திரியில் உப்புக் கொடுக்கக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. பாம்பின் பெயரைச் சொல்லவே கூடாது. சொன்னால், கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம். பூச்சி என்றுதான் சொல்வார்கள். இப்படி நம்புகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு மழைக்காலம். பாலக்காட்டு வாசகசாலை நண்பர்கள் இருவர் சாப்பிட வந்திருந்தார்கள். என்னைப் போலவே அரைகுறைகள். சாப்பிடுமுன் கை கழுவக் கொல்லைப்புறம் போக எழுந்தபோது மனைவி லாந்தரை நீட்டினாள்.

"பாத்துப் போங்க. பொடக்காளியில பூச்சி நடமாடுதுங்க."

ஒருவன் சிரித்தான். "ஏனப்பா, உம்பட ஊட்டுல கங்குல் வந்தா கட்டெறும்பும் பூச்சி, கருநாகமும் பூச்சியா?"

எனக்கு மானம் போய்விட்டது. அவர்களைப் பாம்பு கடிக்காமல் காப்பாற்ற வந்தவளைப் பார்த்து, "ஏம்புள்ள, அதும்பட பேரைச் சரியாச் சொல்லு" என்றேன்.

"வேண்டாமுங்க. தொட்டில்ல கொழந்தை தூங்குதுங்க."

"சொல்லிப்போட்டுச் சோத்தைப் போடு. இல்லாட்டி நாங்க எந்திரிச்சுப் போறோம்."

விருந்தாளிகள் பசியோடு போனால் பழி அவளுக்குத்தான் என்று தெரிந்தே சொன்னேன். தொட்டிலைப் பார்த்தாள். "பாம்புங்க" என்றாள். மூன்று மூடர்களும் கைதட்டினோம். வயிறு முட்டத் தின்றோம்.

அன்று விடியும்வரை அவள் லாந்தரோடு தொட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. காலையில், "பாத்தியா?" என்று கேட்டு அதையும் என் வெற்றியாக்கிக்கொண்டேன். அவள் சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு விளக்கு வைத்தபின் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள். குழந்தையோடு பேசுவாள், மாட்டோடு பேசுவாள். ராத்திரிக்கு என்ன வேண்டும் என்பதைக்கூடப் பகலிலேயே கேட்டுவிடுவாள். அறிவில்லாதவளின் வீம்பு என்று அதையும் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்த அற்பன் நான்.

பல வருடம் கழித்து எனக்குக் கடும் காய்ச்சல். ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாள். "ஏதாச்சும் பேசு புள்ள" என்று கெஞ்சினேன். துணியைப் பிழிந்து மறுபடி போட்டாள். ஜன்னல் வெளுத்த பிறகுதான் கேட்டாள்: "இப்ப எப்படி இருக்குதுங்க?"