ஆடாமல் நின்ற தெரு

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த ஆறாவது வருடம் எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. அடுத்தடுத்து எடுத்த படங்களைப் பார்த்து, எது எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணினியே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் என் தலைப்பு. ஒரு படத்தைக் கணினிக்குள் ஏற்றுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். மேசைமேல் மரக்கட்டைகளை நகர்த்தி எடுத்த படங்களுக்கு என் புரோகிராம் ஒழுங்காக விடை சொன்னது.

"கட்டையெல்லாம் போதும்ப்பா. நிஜத் தெரு ஒண்ணு கொண்டா" என்றார் சென்னையில் என் வழிகாட்டி. "இந்த டெர்முக்குள்ள முடிக்கலைன்னா உன் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க."

இரவல் சினிமா கேமரா ஒன்றும் ஒரே ஒரு ரோல் பிலிமும் கிடைத்தன. எனக்கு ஆரணியில் எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. வெயில் ஏறுமுன் தறிக்குப் போகும் பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்தபடியே கஞ்சி தெளிப்பார்கள், அறுந்த இழைகளை முடிவார்கள். ஓரமாகச் சைக்கிள் போகும், ஆடு போகும். இதைவிட என்ன அசைவு வேண்டும்? அப்பாவுக்குக் கார்டு போட்டேன்: சனிக்கிழமை தெருவைப் படம் எடுக்க வருகிறேன், என் படிப்பே இதில்தான் இருக்கிறது. அந்தக் கார்டைப் போடாமல் இருந்திருக்கலாம்.

ஸ்டாண்டில் கேமராவை மாட்டி முடுக்கினேன். கர்ரென்று சத்தம் கேட்டதுதான் தாமதம், தெருவே நின்றுவிட்டது. கஞ்சி தெளித்தவர் கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றார். சைக்கிள்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். ஆட்டைக்கூட யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அத்தனை கண்ணும் என் மேல்.

"நடங்க! அவங்கவங்க வேலையப் பாருங்க!" என்று கத்தினேன்.

எதிர்வீட்டு அத்தை உதடு அசையாமல் சொன்னார்: "நீ எடு கண்ணு. நாங்க ஆட மாட்டோம்."

அப்பா முதல்நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் ஊருக்குக் கேமரா என்றால் ஸ்டுடியோ கேமராதான். ஆடினால் முகம் கலங்கிவிடும், ஸ்டுடியோக்காரரிடம் திட்டு விழும். தங்கள் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடக் கூடாதென்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கேமராவை நிறுத்திவிட்டு விளக்கிச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார்கள். மறுபடி முடுக்கினேன், மறுபடி நின்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால், கேமராவுக்கு எதிரே ஓரமாக விறைப்பாக நின்ற அப்பா, "இன்னாடா, சரியா கீதா?" என்றார். ரோல் தீர்ந்துபோயிருந்தது.

படத்தைப் பார்த்த வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதுல என்னய்யா நகருது?" அதை மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, ஓட்டிப் பாரு. நிக்கறதை நிக்குதுன்னாவது சொல்லுதான்னு பாப்போம்" என்றார்.

படத்தை எண்களாக்கவே மூன்று வாரம் ஆனது. அப்புறம் புரோகிராமைத் துளையிட்ட கார்டுகளை அடுக்கி, கணினி அறை வரிசையில் நின்று, ஒருவழியாக ஓட்டினேன். பக்கம் பக்கமாகப் பூஜ்யங்கள் வந்தன. கீழே ஒரு மூலையில் மட்டும் சின்னச் சின்ன எண்கள். ஒரு படத்தில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். சனியன், எங்கேயோ பிழை என்று பத்து நாள் புரோகிராமை வரி வரியாகத் தேடினேன். பிழை இல்லை. கடைசியில் பிலிமையே திரையில் ஓட்டி, அந்த மூலையைப் பார்த்தேன்.

அப்பாவின் வலது கை. தொடையோடு சேர்த்து அழுத்தி வைத்திருந்தார். அப்படியும் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

வழிகாட்டிக்கு ஒரே சந்தோஷம். "இவ்வளவு பொடி அசைவைக்கூடப் பிடிக்குதே! இதையே எழுதுய்யா." எழுதினேன். மறுக்க எனக்குத் தெம்பில்லை. அதை எழுதாவிட்டால் ஆறு வருடமும் வீண். பதிவு ரத்தாகாமல் தப்பியது.

எழுதிக் கொடுத்த மறுநாளே ஊருக்குப் போனேன். அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். அம்மா கடைக்குப் போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

"கை எத்தினி நாளா இப்பிடி ஆடுதுப்பா?"

அவர் ஊடிழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஒரு வருசமா. ஒங்கம்மாவுக்கே தெரியாது. ஒனக்கு யார்றா சொன்னது?"

"படத்துல தெரிஞ்சுது."

அவர் முகம் வாடிவிட்டது. வலது கையை இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு நிறுத்தணும்னு எவ்ளோ பேஜார் பட்டேன் தெரியுமா? புடிச்சி அமுக்கிகினுதான் நின்னேன். என்னால ஒம் படம் கெட்டுப் போச்சாடா?"

"இல்லப்பா" என்றேன். "அது ஒண்ணுதான் நல்லா வந்துது."