சாவி திருப்பாமலே எரிந்த பல்ப்

வாசகரே, நீங்களே சாட்சியாக நின்று கேளுங்கள். எங்கள் பழைய பிக்கப் மூன்று காலைகளாக ஸ்டார்ட் ஆகவில்லை. லைட்டை அணைக்காமல் விட்ட டிரைவரே குற்றவாளி என்று அப்பாவின் முன் வாதிட்டு வென்றேன். அவர் டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். வண்டியைக் கடைசியாக இரவல் வாங்கிய என் விவாத அணித் தோழனோ, "வயர்ல கையே வைக்கேல்ல மச்சான்" என்று சத்தியம் செய்திருந்தான்; நம்பினேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வண்டியின் மின்கோளாறு பார்க்க வந்த வயரிங் பாஸ் மெலிந்த மனிதர், காதிடுக்கில் டெஸ்டர். எவர் பேசினாலும் தலையாட்டுவார். நம்புவதோ தம் பல்பை மட்டுமே. என் விளக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு, பெற்றரியின் ஒரு வயரைக் கழற்றி இடையில் பல்பைக் கோத்தார். சாவி என் கையில் இருக்கும்போதே பல்ப் எரிந்தது.

"பாருங்க தம்பி, நிக்கிற வண்டியில என்னமோ கரண்ட் குடிக்குது."

சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறிய ஆம்ப்ளிஃபயரின் வயரைப் பிடுங்கினார். பல்ப் அணைந்தது.

"இது டிரைவர்ட வேலயா? மைக் பிடிக்கிற ஆள்ட வேல."

தோழன் தன் கூட்டத்துக்கு மாட்டியது அது. அந்தப் பொய்யனுக்காகவா அத்தனை அழகாகப் பேசினேன்?

பாஸ் பெற்றரி வயரைத் திரும்ப மாட்டினார். அவர் கேட்காமலே உரக்கச் சொன்னேன்:

"இண்டைக்கே டிரைவர் அண்ணன்ட வீட்டுக்கு மன்னிப்புக் கேக்கப் போறன் பாஸ். அப்பாவையும் கூட்டிக்கொண்டு."