தம்பிக்குத் தர வேண்டிய ஈரல்

என் தம்பி ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. ஆனாலும் அவனுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும், பாதி ஊர் அவனைப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டது. கடலூரிலிருந்து பாண்டி பக்கம்தானே, ரகசியமாகப் போய்க் குடித்திருப்பான் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவன் செய்ததெல்லாம் முதுநகர் அரிசிக் கடையில் காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருந்ததுதான். சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன பிறகும் உட்கார்ந்தே இருந்தான். ஈரலில் கொழுப்பு சேர்ந்து சேர்ந்து அது சுருங்கியே போய்விட்டதாம்.

யாராவது தன் ஈரலில் ஒரு பங்கு கொடுத்தால்தான் பிழைப்பான் என்றார் சென்னை டாக்டர். அவன் பெண்டாட்டிக்கு ரத்த குரூப் சேரவில்லை. அக்கா எனக்குச் சேர்ந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என் ஈரலிலும் கொழுப்பு. சிதம்பரத்தில் வருஷக்கணக்காகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த பலன். சர்க்கரையும் எல்லையில் நிற்கிறதாம். எடையைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் வாருங்கள், தம்பியால் ரொம்ப நாள் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். மாத்திரை கேட்டேன். நடங்கள், அளவாகச் சாப்பிடுங்கள், அதுதான் மருந்து என்று கையை விரித்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் விடியும்போதே கோயிலைச் சுற்றி நடக்கக் கீழவீதியில் இறங்கிவிட்டேன். தெற்குவீதி திரும்புவதற்குள் மூச்சு வாங்கி, பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு மிச்ச வீதிகளையும் சுற்றினேன். நானா இந்தக் கொழுப்பா, பார்த்துவிடுவோம் என்று இருந்தது.

நடையைக்கூடச் சமாளித்துவிட்டேன், சொந்தக்காரர்களைத்தான் முடியவில்லை. உடம்பில் ஒரு பங்கை அறுத்துக் கொடுக்கப் போகிறவள் தெம்பாக இருக்க வேண்டாமா என்று குறிஞ்சிப்பாடிச் சித்தி நெய் காய்ச்சிக் கொடுத்தனுப்பினாள். மாமா நாட்டுக்கோழியைக் காலைக் கட்டித் தூக்கி வந்தார். வேண்டாம் என்றால், டாக்டருக்கு என்ன தெரியும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வந்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

தம்பி பெண்டாட்டிதான் பெரிய சோதனை. வாராவாரம் கடலூரிலிருந்து பஸ் ஏறி, டிபன் பாக்ஸ் நிறைய ஆட்டீரல் வறுவலோடு வந்து நிற்பாள். ஈரலைத் தின்றால் ஈரல் ஊறும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எண்ணெய் மிதக்கும். மிளகு வாசனைக்கு நாக்கு வேறு ஊறும். ஒரு நாள் பொறுமை போய், உன் புருஷனுக்கு வேண்டியதை நீயே கெடுக்கிறாயே என்று கத்திவிட்டேன். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

"நீங்க உசுரையே குடுக்குறீங்க அண்ணி. என்னால ஆக்கிப் போட மட்டுந்தான முடியும்? வேற என்னத்த செய்ய?"

டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"நடக்கத் துணை வாம்மா. நீ அங்க நட, நான் இங்க நடக்குறேன். காலையில போன் போட்டு என்ன எழுப்பி விடு. அது போதும்."

புருஷன் படுத்துக் கிடக்கும்போது பொண்டாட்டி பீச்சில் உலாத்துகிறாள் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்றேன். நானே சோம்பல்பட்ட நாட்களில்கூட அவள் விடவில்லை. ஒரு நிமிஷம் தாமதித்தாலும், அவருக்கு நேற்று வயிற்றில் இன்னும் நீர் கோத்துவிட்டது என்பாள். அதற்கு மேல் எப்படிப் படுத்திருப்பது? கஞ்சியும் கீரையும் சுண்டலுமாக நாள் போயிற்று. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்து, நானே பிரித்துத் தைத்தேன். அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்று தலையை ஆட்டினார். அந்த வாரமே ஆபரேஷன்.

வயிற்றில் தையலோடு எழுந்து நடக்கச் சொன்ன முதல் நாளே, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி இருந்த வார்டு வரை போனேன். அவன் கண்ணிலிருந்த மஞ்சள் குறையத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதான். நடக்கச் சொன்னதற்கு, வலிக்கிறது என்று காலையிலிருந்தே அடம் பிடித்துப் படுத்திருக்கிறானாம். எனக்கு மட்டும் வலிக்கவில்லையா?

"எழுந்திருடா. அது நான் பாடுபட்டுக் கொழுப்பக் கரைச்ச ஈரல். நீ படுத்துக் கெடுக்கறதுக்கு இல்ல."

முனகிக்கொண்டே பெண்டாட்டியின் தோளைப் பிடித்து எழுந்தான்.