இருபத்தாறு பேர் ஸ்டெத் வைத்த நெஞ்சு

உடம்பைப் பார்த்து, தொட்டு, தட்டி, காது கொடுத்துக் கேட்டு நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறதுதான், நர்சிங் டீச்சர் வேலையிலேயே வாயும் வலிச்சு முதுகும் வலிக்கிற பாடம். திண்டுக்கல்ல பத்தொன்பது வருஷமா இதைத்தான் எடுக்கிறேன். என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் புதுசா இருக்காது.

படுக்கிறது யாரு?

எங்க லேப்ல ஒரு பொம்மை இருக்கு. அதுக்கு ஊசி போடலாம், குளிப்பாட்டலாம். நெஞ்சுல ஸ்டெத் வச்சா மட்டும் ஒண்ணும் கேட்காது. சரி, உங்கள்ல ஒருத்தி படுங்கன்னா, பிள்ளைக கூச்சத்துல ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும். கடைசியில வருஷா வருஷம் நானே கட்டில்ல ஏறிப் படுத்துருவேன்.

சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. அம்மா போனப்புறம் வீட்டுல நான் ஒருத்திதான். வருஷத்துல என்னை இன்னொருத்தர் தொடறது அந்த ஒரு வாரந்தான். அதனாலேயே அந்தப் பாடத்தை வேற டீச்சருக்கு விட்டுக்கொடுத்ததில்லை. இந்த வருஷம் நெய்க்காரப்பட்டிப் பிள்ளை ஒண்ணு, கையை உரசிச் சூடு பண்ணிக்கிட்டு என் வயித்தை அமுக்கிப் பார்த்துச்சு. பார்த்துட்டு மெதுவா கேட்டுச்சு: "ஏனுங்க மேம், மத்தியானம் ஒண்ணும் சாப்பிடலீங்களா?"

எல்லாம் நார்மல்

பிள்ளைக நோட்டுல எல்லா நோயாளிக்கும் எல்லாமே நார்மல்தான். போன பேட்ச் நோட்டைப் பார்த்து அப்படியே இறக்கிருவாங்க. வார்டுல ஆத்தூர்ப் பக்கத்துப் பூ விவசாயி ஒருத்தர் படுத்திருந்தார். அவருக்கு ரெண்டு கண்ணும் வெளிச்சத்துக்கு ஒரே மாதிரி சுருங்குதுன்னு ஒரு பிள்ளை எழுதியிருந்தா. நான் டார்ச் அடிச்சுப் பார்த்தா, இடது கண்ணு ஆபரேஷன்ல எடுத்துட்டு வச்ச செயற்கைக் கண்ணு.

அங்கேயே வச்சு அவளை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். பாக்காமலே எழுதறதுக்கு நீ எதுக்கு, ஜெராக்ஸ் மெஷின் போதுமேன்னேன். பெரியவருக்கே பொறுக்கலை. "விடுங்கம்மா. இந்தக் கண்ணு நல்லாருக்குன்னு சொன்ன மொத ஆளு அந்தப் பாப்பாதான்."

ரெண்டு மார்க்

அடுத்து காலேஜ் பிராக்டிகல் பரீட்சை. இருபத்தாறு பேரும் என் நெஞ்சுல கேட்டுத்தான் எழுதணும். வரிசையா இருபத்தஞ்சு 'நார்மல்'. வார்டுல அம்புட்டுப் பேசினவ, இங்க யோசிக்காம டிக் போட்டுக்கிட்டே வந்தேன். பேகம்பூர் ஷமீமா மட்டும் வாட்ச்சைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசா எண்ணி, 'துடிப்பு சீராக இல்லை'ன்னு எழுதியிருந்தா.

எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. என் நெஞ்சு எனக்குத் தெரியாதா? மறுபடி எண்ணுன்னேன். எண்ணினா. அதையேதான் சொன்னா. அவ எழுதினதைச் சிவப்பு மையில அடிச்சு ரெண்டு மார்க் குறைச்சேன். அவ நகரவே இல்லை. "மார்க்கை எடுத்துக்கங்க மேம். டாக்டர்ட்ட மட்டும் ஒரு தடவை காட்டிருங்க."

யாரைக் கூப்பிடணும்?

அன்னிக்குச் சாயந்தரம் வீட்டுல உக்காந்து என் நாடியை நானே பிடிச்சேன். தடுமாறித்தான் ஓடுச்சு. மாடி ஏறினா மூச்சு வாங்கறதை இத்தனை நாளா வயசு மேல போட்டுத் திரிஞ்சிருக்கேன். பயந்துட்டேன். யார்ட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. போன்ல இருந்த நம்பரையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர்காரர், தண்ணி வண்டிக்காரர், பிரின்சிபால். போனைக் கவுத்து வச்சுட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாங்க. துடிப்பு தாறுமாறாத்தான் இருக்கு, விட்டிருந்தா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம்னு டாக்டர் மாத்திரை எழுதினார். எக்கோன்னு நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்க வரும்போது துணைக்கு ஆள் கூட்டிட்டு வாங்கன்னார். கவுண்டர்ல கொடுத்த ஃபாரத்துல, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம். பின்னாடி நின்னவரை முன்னால விட்டேன். அப்புறம் போன்ல இருந்த வகுப்புப் பட்டியலைத் திறந்து, ஷமீமாவோட அம்மா நம்பரை எழுதிட்டேன். அந்தம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. கேட்காமத்தான் எழுதினேன். வேற நம்பர் இல்லை.

திங்கக்கிழமை முதல் வேலையா ஷமீமாவுக்கு அந்த ரெண்டு மார்க்கைத் திருப்பிப் போட்டேன். மத்த இருபத்தஞ்சு பேருக்குப் போட்ட டிக்கையும் தப்புன்னு அடிச்சுவிட்டேன். பேனாவை மூடி வைக்கிறதுக்குள்ள அவளே ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னா. எனக்கு அவ மூஞ்சியைப் பார்க்க முடியலை.

"மேம், வியாழக்கிழமை உங்களை எக்கோவுக்குக் கூட்டிட்டு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலேருந்து அம்மாவுக்குப் போன் பண்ணாங்களாம். நீங்க என்ன உறவுன்னு கேட்டாங்களாம். அம்மாவுக்கு ஒண்ணும் புரியலையாம். இருந்தாலும், எங்க வீட்டு ஆளுதான், நாங்க கூட்டிட்டு வாரோம்னு சொல்லிருச்சு."

நம்ம தொழில்ல, சொல்லிக்கொடுத்ததை ஒரு பிள்ளை உருப்படியாச் செஞ்சுட்டா மொதல்ல மாட்டறது நாமதான்.