பஞ்சு அடைத்த காது

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். எதிர்வீட்டு மருமகள் தன் வாயாலேயே சொன்னது. ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற வேலை அவளுக்கு.

அவளுடைய நாலு வயதுப் பையன் இரும்பு பீரோவுக்குள் மூச்சுமுட்டிச் செத்துப்போனான். ஒளிந்து விளையாடும்போது கதவு தானாகப் பூட்டிக்கொண்டதாம். வீட்டில் அப்போது இருந்தது மாமியார் மட்டும்.

"எனக்குத்தான் காது டமாரமாச்சே! இடி விழுந்தாக்கூட கேக்காதே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள் மாமியார். எல்லோரும் நம்பினார்கள். மருமகளுக்கு மட்டும் நெஞ்சில் முள். இரும்புத் தகட்டைத் தட்டினால் வீடே அதிருமே! கிழவிக்குக் கேட்டதா, கேட்கவில்லையா?

லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே கிழவியையும் கூட்டிப்போனாள். வெளிச்சத்தம் நுழையாத கண்ணாடி அறை. கிழவியின் காதில் ஒரு சின்னக் குமிழைச் செருகினாள். அது 'டிக்' என்று ஒலிக்கும். நல்ல காது என்றால் உள்ளேயிருந்து மெல்லிய எதிரொலி திரும்பும். குமிழில் உள்ள மைக் அதைப் பிடிக்கும். செவிட்டுக் காது எதையும் திருப்பித் தராது. வாய் பொய் சொல்லும், காது சொல்லாது.

"எதுக்குடி இந்தக் கூத்து?"

"காது மெஷின் வாங்கத்தான் அத்தை!" என்று கத்தினாள். "அசையாம உக்காருங்க!"

வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். மைக் பிடிப்பதைக் கேட்க ஹெட்போனைத் தன் காதில் மாட்டினாள்.

டிக்.

ஒன்றுமில்லை.

டிக்.

டொம்...

தகட்டைத் தட்டுகிற சத்தம். கண்ணாடி வழியே பார்த்தாள். கிழவி கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

டொம். டொம்.

"பாட்டீ... இருட்டா இருக்கு..."

மருமகள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இனிமே செய்யல பாட்டீ... தொற..."

அதே காதுக்குள்ளிருந்து கிழவியின் குரல். நிதானமாக.

"கத்து. நல்லாக் கத்து. ஒங்கம்மா வந்து தொறக்கட்டும்."

டொம்...

டொம்...

நின்றது.

மறுநாள் மெஷின் ரிப்பேர்காரர் வந்தார்.

"நீங்க லீவுல இருந்தப்பவே மைக்கைக் கழட்டிட்டுப் போயிட்டேனே மேடம். புதுசு இப்பத்தான் மாட்ட வந்திருக்கேன். இதுல யாரையும் டெஸ்ட் பண்ணலையே?"



இப்போது கிழவிக்குத் தூக்கமே இல்லை. "யாரோ தட்டறாங்கடி" என்று காதில் பஞ்சை அடைத்துக்கொள்கிறாள். காதை அடைத்தால் வெளிச்சத்தம்தான் குறையும். உள்ளே இருக்கும் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். நீங்களே விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள்.

மருமகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

பஞ்சு வாங்கித் தருவதே அவள்தான்.