ஒரே வடு விழுந்த காசுகள்

சித்தப்பா வேலை விட்டு வந்து சட்டையைக் கொடியில் மாட்டியதும் எங்கள் ஒற்றை அறை முழுக்க மெஷின் எண்ணெய் வாடை பரவும். அந்தச் சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவிக் காசு எடுக்கும் உரிமை வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், தகட்டை அழுத்தி வாஷர் வெட்டும் ஒரு சின்னப் பட்டறையில், நைனாவும் அவர் தம்பியான சித்தப்பாவும் வேலை பார்த்த காலம் அது. ஐந்தாம் வகுப்புப் படித்த நான், படம் ஓரமாக ஒதுங்கியது, எழுத்து பாதியில் நின்றது என்று, அரசாங்க நாணயச்சாலையில் அச்சு தவறிப்போய் வெளியே வந்த காசுகளைத் தேடித் தேடிப் பவுடர் டப்பாவில் சேர்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அவற்றுக்குத் "தப்புக் காசு" என்று பெயர்.

ஒரு நாள் அந்தப் பையில் ஒரு ரூபாய்க் காசு கிடைத்தது. ஒரு பக்கம் வழக்கமான சிங்கத் தலை. திருப்பினால் மறுபக்கத்திலும் அதே சிங்கம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறி, உள்ளே குழிந்து கிடந்தது. முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த காசின்மேல் பதிந்தால் இப்படி அபூர்வமாக வரும். அன்று இரவு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. சிங்கத்துக்கு அடியில் நசுங்கித் தெரிந்த ஆண்டு வேறு, ஆனால் அதே குழிந்த சிங்கம். நிமிர்ந்த பக்கத்தில் இருந்த சிங்கமோ இரண்டிலும் மூக்கு நசுங்கி, அதன்மேல் அரை நிலாபோல் ஒரு வடு புடைத்திருந்தது. வேறு வேறு ஆண்டில், வேறு வேறு அச்சில் பிறந்த காசுகளுக்கு ஒரே வடு எப்படி வரும்? சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எம்மாம் கண்ணு உனுக்கு! அது நம்ம பிரஸ்ஸு பலகையில கீற பள்ளம் பாப்பா. ரெண்டு காச ஒண்ணுமேல ஒண்ணு வெச்சி அமுக்க சொல்றாரு சூப்பர்வைசர் சார். மெட்ராசுல இத வாங்கிக்கினு போவ ஆளு இருக்குதாம். யாராண்டயும் சொல்லாத."

சித்தப்பாவுக்கு அது சார் சொன்ன வேலை, அவ்வளவுதான். காசு நகராமல் விரலால் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதற்காக, கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலையையும் அந்த சூப்பர்வைசர் கழற்றச் சொல்லியிருந்தான். மழைக்காலத்து மாலை ஒன்றில், மெஷின் சித்தப்பாவின் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

சூப்பர்வைசர் முதலாளியிடம் என்ன சொன்னான் தெரியுமா? "பேராசை புடிச்சவன் சார். யாருக்கும் தெரியாம காசு அமுக்கினு இருந்தான், கைய உட்டுட்டான்." முதலாளி அதை நம்பினார், அல்லது நம்புவது அவருக்கு லாபமாக இருந்தது. நஷ்ட ஈடு கிடையாது, வேலையும் கிடையாது. கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த சித்தப்பாவோ, "சார் அப்டி சொல்லி இருக்க மாட்டாரு" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த "சார்" வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு காசுகளையும் எடுத்துக்கொண்டு நைனாவிடம் ஓடினேன். முதலாளியிடம் காட்டலாம், ஒரே வடு என்று சொல்லலாம் என்றேன். நைனா காசுகளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"அது மெஷினு போட்ட வடு. அமுக்க சொன்னது யாருன்னு அதுல இருக்குதா? வாய மூடிக்கினு கெட. என் வேலையும் போச்சுன்னா சோத்துக்கு இன்னா பண்றது?"

நைனா சொன்னது சரிதான் என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போலிக் காசைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, போலி மனிதனை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆத்திரம்தான் என்னைக் காசுகளை விடாமல் பிடித்துக்கொள்ள வைத்தது. இப்போது முன்பின் தெரியாதவர்கள்கூடக் காசுகளைப் படம் பிடித்து அனுப்பி, அசலா போலியா என்று கேட்கிறார்கள்.

போன மாதம் சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில், கறுப்பு வெல்வெட்டின் மேல் குழிந்த சிங்கம் ஒன்று கிடந்தது. புரட்டிக் காட்டச் சொன்னேன். நசுங்கிய மூக்கு. அரை நிலா.

"மின்ட்ல மெஷின் பண்ண தப்பு மேடம். இந்தியாவுலயே இது ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர்.

கைப்பையிலிருந்து என்னுடைய காசை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் லென்சை வைத்து இரண்டையும் பார்த்தார். முகத்தில் துளி வெட்கமில்லை. "இதையும் குடுத்துடுங்க மேடம். ஜோடியா போட்டா இன்னும் நல்ல ரேட்டு வரும்."

கத்தினேன். இது கும்மிடிப்பூண்டியில் அமுக்கியது, இதற்கு ஒருவர் விரலைக் கொடுத்திருக்கிறார் என்று கூட்டத்துக்கே கேட்கும்படி கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அந்த மெஷினை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அதே இடத்துக் கிடங்கில் சித்தப்பா வாட்ச்மேன். ரயிலை விட்டு இறங்கி நேராக அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைக்காரன் என்ன விலை போட்டிருந்தான் என்று மட்டும் கேட்டார், சொன்னேன். கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"ரத்தம் சொட்டிக்கினு நின்னேன் பாப்பா. ஆட்டோவுல ஏத்திவுட்டுட்டு, கீழ உழுந்த காச குனிஞ்சி பொறுக்கினான் அந்த நாயி."

இத்தனை ஆண்டுகளில் சித்தப்பா அவனைச் "சார்" என்று சொல்லாதது அன்றைக்குத்தான்.