பின்னறைக்கு என்ன கலர்?

ஜூலை பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடம். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அதற்குள்ளேயே கிளம்பி, முற்றத்து மணலை விறாந்தைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பெயின்ட் அடிக்கிற றமீஸ் வந்து நின்றார் — ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் கலர் புத்தகம்.

என் இளைய மகள் றிஸ்னாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். அதற்கு முன் வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தாக வேண்டும்.

வெளியூரிலிருந்து இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் அங்கே வருவார். மூத்த இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. நாங்கள் இருக்கும் இந்த வீடு இளையவளுக்கு. நானும் நாற்பத்தொரு வருடங்களுக்கு முன் ஒரு சூட்கேஸுடன் இதே வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன்தான்.

மகள் பத்தே நிமிடத்தில் கலரைத் தெரிவு செய்துவிட்டாள். சாம்பல்! வீட்டுக்கு யாராவது சாம்பல் நிறம் பூசுவார்களா?

"இப்ப எல்லாரும் இதான் வாப்பா அடிக்கிற" என்றாள்.

குசினியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வீடு புள்ளெட. நீங்க என்னத்துக்குக் குறுக்க கதைக்கிறீங்க?"

சரி... கணக்கையாவது பார்ப்போம். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்து நான்கு வருடம் வாய்க்கால் அளந்தவன் நான். றமீஸ் எழுதியிருந்த சதுர அடியைச் சரிபார்த்தேன். ஜன்னல்களைக் கழிக்கவே இல்லை!

"கழிக்கலாம் சேர். பிறகு ஜன்னல் சட்டத்துக்கு வேற காசு கேப்பன். பரவால்லயா?"

கழிக்க வேண்டாம் என்றேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஹோல், மூன்று அறைகள், குசினி, விறாந்தை... அதோடு கணக்கு முடிந்திருந்தது.

"பின்னறை எங்க தம்பி?"

"அது இதுல இல்ல சேர். றிஸ்னா தங்கச்சி சொல்லல்ல."

மகள் கலியாணம் முடித்தால் தாய் தகப்பன் பின்னறைக்குப் போவது இங்கே பல வீடுகளில் நடப்பதுதான். யாரும் போ என்று சொல்வதில்லை. ஒருநாள் கட்டில் நகரும், அவ்வளவுதான். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால், முழு வீட்டுக்கும் பெயின்ட் — நாங்கள் கிடக்கப்போகிற அறைக்கு மட்டும் இல்லையா?

அதுவும் அந்த அறைக்கு!

என் கலியாணப் பேச்சு நடந்தபோது நான் இந்த வீட்டு விறாந்தையில் வந்து இருந்தேன். எதிரே என் வருங்கால மாமா. இருவருக்கும் கதைக்க ஒன்றுமில்லை. தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். கடைசியில், "கதவு நல்ல கலர்" என்றேன். பச்சைக் கதவு. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.

மாப்பிள்ளைக்குப் பச்சை என்றால் உயிர் என்று செய்தி பரவிவிட்டது. கலியாணத்தன்று வந்து பார்க்கிறேன் — சுவர் பச்சை, ஜன்னல் பச்சை, கிணற்றுக் கட்டு பச்சை. கோழிக்கூட்டைக்கூட விடவில்லை. மறுநாள் விடியக் கண்ணைத் திறந்தால், குளத்துக்கு அடியில் கிடப்பது போல இருந்தது.

சொல்ல முடியுமா? புது மாப்பிள்ளை!

மூன்று மாதம் கழித்து ஒரு பின்னேரம், மண்வெட்டி எடுக்கப் பின்னறைக்குள் போனேன். மாமாவும் மாமியும் அங்கேதான் குடியிருந்தார்கள். நாலு சுவரும் வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. மாமா நெல் மூட்டையில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இதுக்கு ஏன் பச்ச அடிக்கல்ல?"

அவர் வாசலை ஒருதடவை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மருமகன், குறை நினைக்கப்படாது... கதவு மாமிட விருப்பம். எனக்கு அந்தக் கலரக் கண்ணுல காட்டேலா."

நான் சிரித்த சிரிப்பில் மாமி பதறி ஓடி வந்தார்.

அன்றிலிருந்து பின்னேர அஸர் தொழுகை முடிந்தால் நான் அந்த அறையில்தான். அவர் ஒரு மூட்டையில், நான் ஒரு மூட்டையில். வயலுக்கு வராத தண்ணீர், வந்துவிட்ட யானை, ரேடியோச் செய்தி... இப்படியே பதினாறு வருடங்கள். என் சொந்த வாப்பாவோடு நான் அவ்வளவு கதைத்ததில்லை. வீட்டின் பச்சை பிறகு நீலமானது, மஞ்சளானது. நோன்புக்கு முதல் அந்த அறைக்கு மட்டும் மாமா தன் கையாலேயே சுண்ணாம்பு பூசுவார்.

அவர் போன பிறகும், மாமி போன பிறகும், அங்கே அரிசி மூட்டைகள்தான் குடியிருக்கின்றன.

மூன்று நாள் நான் வீட்டில் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மகள் கேட்டாள்.

"வாப்பா, உடம்புல சீனி கூடிட்டா? முகம் ஒரு மாதிரி இரிக்கி."

"நானும் உம்மாவும் படுக்கிற அறைக்குப் பெயின்ட் வேணாம், என்ன?"

"எந்த அறை?"

"பின்னறை!"

அவள் விழித்தாள். "யாரு உங்கள அங்க போகச் சொன்ன? நீங்க இப்ப இரிக்கிற நடு அறையிலயேதான் இரிக்கப்போறீங்க. அதுக்குத்தான் கழுவுற பெயின்ட்டாச் சொன்னன். அல்லாஹ்வே... மூணு நாளா இதுக்கா?"

"இந்த மனிசனுக்கு எண்ணத்தான் தெரியும். வாயத் தொறந்து கேக்கத் தெரியா" என்றார் என் மனைவி.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது... ஓர் அரை மணித்தியாலம். பிறகு பார்த்தால், ஏமாற்றமாக இருந்தது!

நடு அறை ஹோலைப் பார்த்த அறை. அங்கே மாமனார் கட்டிலில் இருந்தால் எந்த மருமகன் உள்ளே வந்து உட்காருவான்? வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போவான். மரியாதையாக. அந்த மரியாதையோடு ஒரே வீட்டில் இருபது வருடம் இருந்துவிடலாம் — ஒருதடவைகூடச் சேர்ந்து சிரிக்காமல்.

"நான் பின்னறைக்குத்தான் போறன்" என்றேன்.

மகள் கத்தினாள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள். என் மனைவி மட்டும், "போவமே" என்றார். "எண்ட வாப்பா இருந்த இடந்தானே."

மறுநாள் றமீஸ் வந்து சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்தது. இதன் மேல் அப்படியே அடித்தால் பெயின்ட் உரியுமாம். முழுக்கச் சுரண்டி, அடிப்பூச்சாகச் சீலர் அடிக்க வேண்டுமாம்.

"இந்த ஒரு அறைக்கு மட்டும் முன்பக்க ரெண்டு அறைட செலவு போகும் சேர்."

"பழையபடி சுண்ணாம்பே பூசினா என்ன?"

"பூசலாம். புது மாப்பிள்ள வந்து சாஞ்சா முதுகெல்லாம் வெள்ள."

உடனே பெயின்ட்டுக்குச் சம்மதித்தேன்.

"என்ன கலர் சேர்?"

"வெள்ள."

"எந்த வெள்ள? பதினேழு இரிக்கி."

புத்தகத்தை விரித்தார். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு.

பின்னறைக்கு மட்டும் முடிந்த செலவு முப்பத்தொன்பதாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் — மருமகன் வந்து இருக்கவென்று வாங்கிப் போட்ட கதிரையும் சேர்த்து.